நேராகப் பார்க்கக் கூடாத படம்

சனி கிரகத்தின் முதல் படம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது ஒரு சனிக்கிழமை. வேறு கிழமையே கிடைக்கவில்லையா என்று இன்றைக்கும் கேட்பேன். அந்தப் படத்தாலும் அதற்குப் பின்னால் வந்த படங்களாலும்தான் என் வீட்டுக்காரரின் கண் போய்க்கொண்டிருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனது. கிரகத்தைக் குறை சொல்லவில்லை. அது பாட்டுக்கு அது எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் கெட்டிக்காரத்தனம் பண்ணினோம்.

2004-ம் வருஷம். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். அன்றைக்குச் சாயங்காலம் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டது. கறுப்பு வெள்ளை. வளைவு வளைவாகக் கோடுகள், கோட்டுக்குள் கோடு.

"இன்னா மாமா இது, பழைய ரெக்கார்டு தட்டு மாதிரி இருக்குது?"

"சனியோட வளையம்டி. விண்கலம் போயி எடுத்து அனுப்பியிருக்குது. ஏழு வருஷமா போயிக்கிட்டே இருந்துது, இப்பதான் சேந்துருக்குது."

அடுப்படியிலிருந்து அத்தை வந்தார். அத்தை என்றால் வெறும் மாமியார் இல்லை, என் அப்பாவுடன் பிறந்த அக்கா. நான் பிறந்தது சிதம்பரம். நான் தொட்டிலில் கிடக்கும்போதே "இவ எங்க வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவைத்தவர். சனி என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"அடப்பாவி! அவரு பேரச் சொன்னாலே ஓரமா ஒதுங்கி நின்னு கும்புடுறோம். நீ பிரிண்டு போட்டு வீட்டுக்குள்ள இட்டாந்திருக்கியே! சனியன வெல குடுத்து வாங்குறதும்பாங்க, அத நெசமாவே பண்ணிட்டியேடா!"

"வெல ஒண்ணும் ஜாஸ்தி இல்லம்மா" என்றார் இவர்.

நான் குபீரென்று சிரித்துவிட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

படத்தை வாசலுக்கு நேரே கூடத்துச் சுவரில் ஒட்டினார். மறுநாள் காலையில் அது அங்கே இல்லை. அத்தை பிய்த்து எடுத்துவிட்டார். எடுத்தாரே தவிர என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமி படத்தைக் கிழிக்க முடியுமா, குப்பையில் போட முடியுமா? வேறு சாமியாக இருந்தால் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடலாம். இவரை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தால் பின்னாலேயே வந்துவிடுவாரோ என்று பயம். வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது, வெளியே போடவும் கூடாது. கடைசியில் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் இடுக்கு வழியில், வெளிச்சம் படாத சுவரில், தானே மாவுப் பசை தடவி ஒட்டினார். ஒட்டிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"கோயில்ல எப்டி நிப்பீங்களோ அப்டித்தான் இங்கயும். நேரா நின்னு பாக்கக் கூடாது. ஓரமா நின்னு கடக்கண்ணால பாத்துட்டுப் போயிடணும். மீறுனா நான் பொறுப்பு இல்ல."

கோயிலில் நவகிரகத்தைச் சுற்றும்போது சனிக்கு எதிரே யாரும் நிற்பதில்லை. பக்கவாட்டில் நின்று, அவருடைய பார்வை நம்மேல் படாதபடி கும்பிட்டுவிட்டு நகர்வோம். சின்ன வயதிலிருந்து செய்வதுதான். அதையே வீட்டுக்குள் செய்வது எனக்கு விளையாட்டாக இருந்தது. அவருக்கும்தான். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது இடுக்கு வழியில் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, கழுத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்து ஒரு சல்யூட் அடிப்பார். நான் தைத்துக்கொண்டிருக்கும் ஜாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பேன். அத்தை காணாததுபோல இருப்பார்.

அந்த வருஷம் டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் இவர், விண்கலம் ஒரு குட்டிக் கலத்தைப் பிரித்துவிட்டிருக்கிறது, டைட்டன் என்கிற சனியின் நிலாவில் அது இறங்கப்போகிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெருவில் எத்தனையோ பேருக்கு ஆகிவிட்டது. ஜனவரியில் அந்தக் குட்டிக் கலம் இறங்கி எடுத்த படம் வந்தது. ஆரஞ்சு நிறத் தரை, அதில் உருண்டு கிடக்கும் கற்கள், வேறு ஒன்றுமே இல்லை. அலை வந்துபோன மறுநாள் கரையில் நான் பார்த்த தரையும் அப்படித்தான் வெறிச்சென்று கிடந்தது. அந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "மடிச்சி வைங்க மாமா" என்றேன். அதற்குள் அத்தை பசையோடு வந்துவிட்டார். படம் வீட்டுக்குள் வந்துவிட்டால் சுவருக்குத்தான் போக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது.

இப்படியாகச் சுவர் நிறைந்தது. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு நிலா. பெரிய பள்ளம் விழுந்த ஒரு நிலா. அடியிலிருந்து நீர் பீச்சி அடிக்கும் ஒரு நிலா. "அவருக்கு இவ்ளோ புள்ளைங்களா?" என்று அத்தை ஒருநாள் கேட்டார். கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் துளி விபூதி வைத்தார். படம் எடுக்கும் விதத்தையும் இவர் எங்களுக்குச் சொல்லித் தருவார். அந்தக் கேமரா எடுப்பதெல்லாம் கறுப்பு வெள்ளைதான், சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒரே இடத்தை எடுக்கும், மூன்றையும் சேர்த்தால் கலர். அங்கிருந்து படம் கிளம்பி இங்கே வந்து சேர, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போகிற நேரம் ஆகுமாம். "நின்னு நின்னு போற பஸ்ஸா, பைபாஸா?" என்று கேட்டேன். "டவுன் பஸ்ஸுடி" என்றார். நன்றாகப் பேசுவார். அவர் வகுப்பில் பிள்ளைகள் தூங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

2006-ல் எங்களுக்குப் பெண் பிறந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் அந்தக் கலர் படத்தைக் கொண்டுவந்தார். சூரியனை சனி மறைத்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் இருட்டு உருண்டை, சுற்றிலும் வளையம் மட்டும் தகதகவென்று எரிகிறது. அழகுதான், ஆனால் பார்க்கப் பயமாக இருந்தது. இவர் சுண்டுவிரல் நகத்தால் இடது பக்கம் ஒரு புள்ளியைக் காட்டினார்.

"இது இன்னான்னு சொல்லு பாப்போம்."

"தூசி."

"நம்மதான்டி. பூமி. கடலூரு, சிதம்பரம், நீ, நானு, பாப்பா எல்லாம் அதுக்குள்ளதான்."

அத்தை மடியில் குழந்தை இருந்தது. தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"அப்ப அங்கேருந்து பாத்தா நம்மளத் தெரியுதா?"

"தெரியுதேம்மா. இந்தா, படமே இருக்குதே."

அத்தை குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அன்றையிலிருந்து விளையாட்டெல்லாம் நின்றது. இடுக்கு வழியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக வேண்டும். கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு போதாதென்று உள்ளங்காலிலும் வைத்தார். யாராவது அந்தச் சுவருக்கு நேரே நிற்பதைப் பார்த்தால் கையிலிருக்கும் கரண்டியாலேயே ஒரு போடு போடுவார். எனக்கே ஒன்றிரண்டு விழுந்தது. ஆனால் இவர் ஒருநாளும் அடி வாங்கவில்லை. ஒழுங்காகப் பக்கவாட்டில் நின்றுதான் பார்த்தார். அத்தைக்கு அதில் அவ்வளவு பெருமை. "எம் புள்ள திருந்திட்டான்" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

திருந்தியது கொஞ்சம் ஓவராகத்தான் போனது. டி.வி.யையும் பக்கவாட்டில் பார்த்தார். என்னோடு பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினார். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பரீட்சைத் தாள் திருத்தும்போது தாளை ஒரு பக்கமும் முகத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு திருத்தினார். "ஏன் மாமா, பேப்பர்லயும் சனி குந்தியிருக்காரா?" என்று நான்கூடக் கேலி செய்தேன். "பசங்க எழுதியிருக்கறதப் பாத்தா அப்டித்தான் தோணுது" என்றார். வீடு முழுக்கச் சிரித்தோம். பிள்ளைகூட எங்களைப் பார்த்துக் கைதட்டியது.

இதெல்லாம் 2008 வாக்கில். அந்தச் சமயம் ஒருநாள் நான் அப்பாவைப் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தேன். கீழ வீதியில் லைனிங் துணியும் ஹூக்கும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன், எதிரே இவர் வருகிறார். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்குப் போகிற நேரம். எனக்கு ஒரே சந்தோஷம். நடு வீதியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். மனுஷன் என் முகத்துக்கு நேரே பார்த்தார். பார்த்துவிட்டு, யாரோ வழியில் நிற்கிற பொம்பளையை ஒதுங்கிப் போவதுபோல ஒதுங்கிப் போய்விட்டார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வேறு எவளையோ பார்க்கத்தான் இந்த ஓட்டம் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தேன். "கட்டுன பொண்டாட்டி மூஞ்சி மறந்துபோச்சா உனக்கு? நான் இன்னா ரோட்டுல போறவளா?" என்று கத்தினேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்து என் காதைப் பார்த்தபடி, "ஏதோ யோசனையில இருந்துட்டேன்டி" என்றார். சண்டை என்றால் சளைக்காமல் பதில் சொல்கிற மனுஷன் அன்றைக்குச் சும்மா இருந்தது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. தப்புச் செய்தவன்தான் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

2009-ல் சனிப்பெயர்ச்சி வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. அதே சமயத்தில் இவர் ஒரு புதுப் படம் கொண்டுவந்தார். மத்தியானம், பள்ளிக்கூடம் லீவு. பசையை அவரே தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். உருண்டை இருந்தது. வழக்கமாகத் தட்டு மாதிரி விரிந்து கிடக்கும் வளையத்தைக் காணோம்.

"இன்னா மாமா, வளையமே இல்ல?"

அவர் சடாரென்று திரும்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குந் தெரியலையா?"

"தெரியலையே."

"நெசமாவா? உனக்குந் தெரியலதான?"

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பெண் பிறந்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வளையம் தெரியவில்லை என்பதில் இந்த மனுஷனுக்கு என்ன இவ்வளவு ஆனந்தம் என்று புரியாமல் மறுபடியும் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன்.

"இல்ல மாமா, இருக்குது. நடுவுல மெல்லிசா ஒரு கோடு போவுது பாரு, நூலு இழுத்த மாதிரி."

என் கையைப் பிடித்திருந்த அவர் பிடி தளர்ந்தது. அந்த வருஷம் வளையம் சூரியனுக்கு நேராக விளிம்பைக் காட்டி நிற்கும், ஓரத்திலிருந்து எடுத்தால் கோடுபோலத்தான் தெரியும் என்று அவரே வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறார். கோடு தெரியும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோட்டைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க கோடு?" என்றார்.

"மாமா, நேரா நில்லு" என்றேன்.

"அம்மா கத்தும்டி."

"கத்தட்டும். நேரா நின்னு பாத்து இன்னா தெரியுதுன்னு சொல்லு."

நின்றார். படத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அத்தை கூடத்திலிருந்து பார்த்துவிட்டு, "டேய், நேரா நிக்காதடா!" என்று கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். நான் குறுக்கே கையை நீட்டி மறித்தேன். என் கல்யாண வாழ்க்கையில் அத்தையை அப்படி மறித்தது அதுதான் முதல் தடவை.

"ஓரத்துல இருக்கற நிலாவுங்க தெரியுது" என்றார் அவர். "தாளோட விளிம்பு தெரியுது. பசை வழிஞ்சது தெரியுது. நடுவுல ஒண்ணுமில்ல. சிலேட்ட எச்சி தொட்டு அழிச்ச மாதிரி இருக்குது."

"எப்பத்துலேந்து?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். ஓரமாப் பாத்தா நல்லாத் தெரியுதுடி. அதான் சொல்லல. வேல போயிடும்னு பயம்."

ஓரமாகப் பார்க்கச் சொல்லிப் பழக்கியது நாங்கள்தான். வேறு எந்த வீட்டிலாவது ஒருவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு டி.வி. பார்த்தால் மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் பக்தி என்று பாராட்டினோம். எனக்குக் கீழ வீதி ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் பார்த்தது முகமே இல்லாத ஒரு பொம்பளையை. இடுக்கு வழியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாளே புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண்ணையும் தூக்கிக்கொண்டு போனேன், அப்போது அவளுக்கு மூன்று வயது. கண்ணுக்குள் ஒரு மெஷின் படம் எடுத்தது. கம்ப்யூட்டரில் அது வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருட்டுக்கு நடுவில் ஆரஞ்சு நிற உருண்டை. எங்கள் வீட்டுச் சுவரில் அந்த மாதிரி எத்தனை ஒட்டியிருக்கிறோம்! இந்த உருண்டைக்கு நடுவில் மட்டும் துரு ஏறிய மாதிரி ஒரு கறை இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையில் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது, ஓரங்கள் இருக்கும், நடுவில் உள்ளது திரும்பி வராது, கண்ணாடி உதவாது, ஆபரேஷனும் கிடையாது. "சைடுல பாக்க ஆரம்பிச்சப்பவே வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல எல்லாருமே அப்டித்தான் பாப்போம் டாக்டர்" என்றார் இவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது பரம்பரையா வர்றது. சொந்தத்துல கல்யாணமா?"

"அத்த மவன்."

"சாரோட அப்பா அம்மா?"

"அவுங்களும் சொந்தந்தான். தாய்மாமனக் கட்டிக்கிட்டவங்க."

டாக்டரம்மா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாம்போல இருந்தது.

"வருஷத்துக்கு ஒரு தரம் பாப்பாவக் காட்டிடுங்க. வரும்னு சொல்லல. வராமயும் இருக்கலாம். பழுதான ஜீன் அப்பா கிட்டேந்து ஒண்ணு, அம்மா கிட்டேந்து ஒண்ணுன்னு ரெண்டும் சேந்தாதான் புள்ளைக்கு வரும். நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம். அதனால சொல்றேன்."

பஸ்ஸில் வரும்போது முழுக்க முழுக்க அத்தையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வெளியில் பெண் எடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துவைத்தேன். அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார். கிரகத்தைத் திட்டவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. அவர் குரல் இவ்வளவு சின்னதாகுமா என்று இருந்தது.

"சொந்தத்துல கட்டுனதாலன்னு அந்த டாக்டரு சொன்னாளா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். என் அப்பாவின் முகம்தான், அதே மூக்கு, அதே நெற்றி. சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"இல்ல அத்த. கிரகம் சரியில்ல, அவ்ளோதான்" என்றேன்.

இவர் பக்கத்தில்தான் நின்றார். அத்தை அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போட ஆரம்பித்தார். நானும் கூடப் போனேன். பழியை சனி தூக்கிக்கொண்டால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை, அந்த நிம்மதிக்காகப் போனேன்.

பள்ளிக்கூடத்தில் வேலையை விட்டு அனுப்பவில்லை. இவர் வாயால் பாடம் சொல்வார், பிள்ளைகளில் ஒருவர் போர்டில் எழுதுவார். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினோம். விண்கலம் எடுத்த படங்கள் பட்டை தீட்டாமல் வந்தபடியே நெட்டில் கிடக்கும். நான் அதைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் கேட்பார். ஆரம்பத்தில் எனக்குச் சொல்லவே வரவில்லை. "சூப்பரா இருக்குது மாமா" என்பேன். கோபம் வந்துவிடும்.

"சூப்பரு கீப்பரெல்லாம் எனக்கு வேணாம். எது எங்க இருக்குது, எவ்ளோ பெருசு, இன்னா கலரு, அதச் சொல்லு. இருக்கறதச் சொல்லு. இல்லாதத சேக்காத. எனக்காவ எதையும் அழகு பண்ணாத."

பழகிவிட்டேன். ஜாக்கெட் அளவு சொல்வதுபோலச் சொல்லக் கற்றுக்கொண்டேன். 2011-ல் சனியில் பெரிய புயல் ஒன்று கிளம்பி உருண்டையையே சுற்றிக்கொண்டது. பால் பொங்கி வழிந்து சட்டி ஓரத்தில் காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. "தலை எங்க இருக்குது? வால் எங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மாதக்கணக்கில் அந்தப் புயலை அவருக்காகப் பார்த்தேன். தலை சுற்றிவந்து தன் வாலையே பிடித்துவிட்டது என்று நான் சொன்ன அன்றைக்கு, "நான் பாத்திருந்தாக்கூட இவ்ளோ தெளிவாப் பாத்திருக்க மாட்டேன்டி" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டிசம்பரில் மறுபடி சனிப்பெயர்ச்சி. அது முடிந்து சில நாளில் எங்கள் ஊருக்கே புயல் வந்தது. விடிந்தும் விடியாமலும் காற்று ஓடுகளைப் பிய்த்து எறிந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் வீட்டில் இடுக்கு வழிக்கு மேலே இருந்த கூரை அப்படியே போனது. மழை ஓய்ந்து பார்த்தால் சுவர் வெறும் சுவராக நின்றது. நிலாக்கள், வளையம், புள்ளியாக நாங்கள் இருந்த படம், எல்லாம் கூழாகிக் கரைந்து சாக்கடைக்குப் போய்விட்டன. அத்தை அந்த வெறும் சுவருக்கு நேராக நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"வந்த வழியில அவரே எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இத்தோட வுட்டுது."

எனக்கும் அதை நம்ப வேண்டும்போலத்தான் இருந்தது. கரண்ட் இல்லாமல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பக்கத்து வீடுகளெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பாக இருந்தேன் என்பதுதான் உண்மை. வருஷா வருஷம் பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டியதில், அதுவரை எல்லாம் சுத்தம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

2012-ல் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்து கொஞ்ச நாளில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நல்லாப் படிக்குதுங்க. ஆனா போர்டுல எழுதிப் போட்டா, பக்கத்துப் புள்ள நோட்டப் பாத்துத்தான் எழுதுது. முன்னாடி பெஞ்சுல வச்சும் அப்டித்தான்." நான் சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இவரிடம் சொன்னேன். "நாளைக்கே போவலாம்" என்றார். அத்தையிடம், வருஷாந்திரம் காட்டுவதற்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம்.

அதே ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, பெண்ணை மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். தாடையை வைக்கிற இடம் அவளுக்கு எட்டவில்லை, என் ஹேண்ட்பேகை அடியில் வைத்து உயரம் கொடுத்தேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். படம் எடுத்த நர்ஸ், டாக்டரம்மாவைக் கூப்பிட்டுவருகிறேன் என்று வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. படம் கம்ப்யூட்டரில் அப்படியே நின்றது.

"வந்துடுச்சா?" என்று இவர் கேட்டார்.

"ம்."

"சொல்லு."

"டாக்டரம்மா வரட்டும் மாமா."

"நீ சொல்லு."

சொன்னேன். "இருட்டு. நடுவுல ஆரஞ்சு உருண்டை. ஒரு ஓரத்துல மஞ்சளா ஒரு பொட்டு. பொட்டுலேந்து ரத்தக் குழாய்ங்க கிளையாப் பிரிஞ்சி மேலயும் கீழயும் போவுது. எல்லாம் தெளிவா இருக்குது."

"நடுவுல?"

சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் டாக்டர் வருகிற வரைக்கும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். அத்தையிடம் என் நாக்கு அன்றைக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டது! இவரிடம் புரளவில்லை. மூன்று வருஷமாக நான் சொன்னதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நடுவுல இன்னாடி?"

"சாம்பல் கலர்ல ஒண்ணு இருக்குது மாமா."

"எவ்ளோ?"

"கடுகு அளவு."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் கையை நீட்டித் துழாவினார். நான் நகர்ந்து வழிவிட்டேன். அவர் தேடியது என்னை இல்லை. பெண்ணின் தலையைத் தொட்டு, தோளைத் தொட்டு, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கண்களைக் கசக்கினாள். கண்ணின் கருமணி இரண்டும் மருந்தில் பெரிசு பெரிசாக விரிந்திருந்தன.

"ப்பா, உன் மூஞ்சி மங்கலாத் தெரியுதுப்பா."

"மருந்து ஊத்தியிருக்காங்கல்ல தங்கம்" என்றார் அவர். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."